காடை, வாத்து வளர்ப்பு: 35 நாள்ல காசு வருமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மில்லுலயோ பேங்க்லயோ வேலை பார்க்கிறீங்க. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. "காடை வளர்த்தா 35 நாள்ல காசு"ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. சேமிப்புல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல சட்டம்

நாம வளர்க்க வேண்டியது பண்ணையில பொரிச்ச ஜப்பான் காடை. மலையடிவாரத்துல கண்ணி வெச்சுப் பிடிச்ச காட்டுக் காடை, கவுதாரி விலை கம்மின்னு வாங்கிடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

முதல் 10 நாள்தான் முதலீடு

காடை முட்டை 17-18 நாள்ல பொரியும். குஞ்சு 10 கிராம் கூட இருக்காது. இழப்பு பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துலதான்.

* சூடு: முதல் வாரம் பல்புக்கு அடியில சுமார் 35-37 டிகிரி வேணும். குஞ்சுகள் பல்புக்கு அடியில குவிஞ்சா குளிருதுன்னு அர்த்தம். ஓரத்துக்கு ஓடினா சூடு அதிகம். பரவலா படுத்திருந்தா சரி.
* தண்ணி: தட்டுல விழுந்தே செத்துடும். அதனால தட்டுல கோலிக்குண்டு இல்லன்னா கூழாங்கல் போடுங்க.
* தரை: வழுவழு பேப்பர்ல கால் விரிஞ்சு ஊனமாயிடும். உமிக்கு மேல சொரசொரப்பான தாள் விரிங்க.
* தீவனம்: பொடியா அரைச்சது, புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும்.

இப்போ கணக்கு

விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. 500 குஞ்சு, ஒண்ணு 10 ரூபாய். கரண்ட், உமி, மருந்துன்னு குஞ்சுக்கு 4 ரூபாய். 35 நாளைக்கு ஒரு காடை சுமார் அரை கிலோ தீவனம் தின்னும். கிலோ 45 ரூபாய்னா 22.50. மொத்த விலையில 45 ரூபாய்க்கு விக்கிறோம்னு வெச்சுக்கலாம்.

* 450 பிழைச்சா: செலவு 17,125, வரவு 20,250, லாபம் 3,125
* 350 பிழைச்சா: செலவு 14,875, வரவு 15,750, லாபம் 875

தினம் 2 மணி நேரம்னா 35 நாளைக்கு 70 மணி நேரம். நல்லா வளர்த்தாலும் உங்க உழைப்புக்கு மணிக்கு 45 ரூபாய் கூட வரல!

இன்னொண்ணு. 35 நாள் ஆன காடை தினம் சுமார் 25 கிராம் தின்னும். 450 காடைக்கு ஒரு நாள் தீவனச் செலவு 506 ரூபாய். விக்கிறது ஒரு வாரம் தள்ளிப்போனா 3,500 ரூபாய்க்கு மேல காலி. மொத்த லாபமும் போச்சு. அதனால குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடியே ஹோட்டல், கறிக்கடைகள்ல பேசி வெச்சிடுங்க.

வாத்து வேற கதை

நாட்டு வாத்து முட்டை பொரிய 28 நாள். முட்டையிட ஆரம்பிக்க நாலஞ்சு மாசம் ஆகும், அதுவரைக்கும் செலவு மட்டும்தான். தீவனத்தைத் தண்ணி தெளிச்சுப் பிசிறிக் குடுக்கணும். தண்ணித் தட்டுல தலை முங்கணும், உடம்பு முங்கக் கூடாது. பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு கிட்டவே வரக் கூடாது. அந்த நச்சைக் கோழியை விட வாத்து தாங்காது.

ஈமுவை மறந்துடாதீங்க

"குஞ்சு நாங்க தர்றோம், நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம், மாசம் இவ்வளவு நிச்சயம்"னு யாராவது சொன்னா, 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்ததை ஞாபகம் வெச்சுக்கோங்க. கம்பெனியைத் தவிர வாங்க ஆளே இல்லன்னா அது சந்தை இல்ல, வெறும் வாக்குறுதி.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட பயிற்சி மையம் ராஜபாளையத்துலயே இருக்கு. அங்க போய்க் கேட்டுட்டு, 50 குஞ்சோட ஆரம்பிங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். ரெண்டு பேட்ச்ல 90 சதவீதம் பிழைச்சு, சொன்ன நாள்ல வித்துட்டா, அப்புறம் பெருசாக்குங்க. எண்ணிக்கை ரெண்டு மடங்கானாலும் வேலை நேரம் ரெண்டு மடங்காகாது, லாபம் அங்கதான் இருக்கு.

இந்தக் கணக்கை வீடியோவுலயும் போட்டுக் காட்டியிருக்கோம். உங்க ஊர்ல காடை என்ன விலைன்னு கமெண்ட்ல சொல்லுங்க!