அடுத்த வீட்டுக்காரர் சொன்னால்...

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று சர்க்கார் விளம்பரம் போட்டால், அதைப் படித்துவிட்டு, விளக்கை அணைக்காமலே பக்கத்தைப் புரட்டுகிறோம். எதிர்வீட்டு மாமி, "இந்தத் தடவை எங்களுக்குப் பில் பாதியாகக் குறைஞ்சு போச்சு, தெரியுமோ?" என்று சொல்லட்டும்; "எப்படி மாமி?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அன்று இரவு நமக்குத் தூக்கம் வராது. பெண்களைக் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். ஆண்களும் அப்படித்தான், காது கேளாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சுபாவத்தையே மூலதனமாக வைத்து ஓர் ஊர் காரியம் சாதித்திருக்கிறது. இங்கிலாந்தில், செஸ்டர் நகரத்துக்கு அருகே ஆஷ்டன் ஹேய்ஸ் என்று ஒரு கிராமம். ஜனத்தொகை சுமார் 1,000. ஒரு பழைய சர்ச், ஊராரே சேர்ந்து நடத்தும் ஒரு கடை, அந்தக் கடைக்குள்ளேயே தபாலாபீஸ்.

அங்கே காரி சார்னாக் என்பவர், முன்பு பத்திரிகைத் தொழிலில் இருந்தவர், வேல்ஸில் நடக்கும் ஹே இலக்கிய விழாவுக்குப் போயிருந்தார். பூமியின் சீதோஷ்ணம் மாறி வருவதைப் பற்றி அங்கே ஒரு சொற்பொழிவு. ஊர் திரும்பியவருக்கு ஒரு யோசனை உதித்தது. நம் ஊர் வெளியே விடும் கரியமில வாயுவைக் குறைத்துக்கொண்டே போய், மிச்சத்துக்கும் ஈடு செய்து, கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டால் என்ன? இங்கிலாந்திலேயே முதல் ஊர் என்ற பெயர் கிடைக்கும். கிடைக்காவிட்டால்தான் என்ன, கொஞ்ச நாள் குதூகலமாகப் பொழுது போகுமே! 2006 ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஏறக்குறைய பாதி ஊர் திரண்டு வந்துவிட்டது.

குளிர் தேசத்தில் வீடு என்றால், வாயுவையோ எண்ணெயையோ எரித்து அதைச் சூடாக்கியாக வேண்டும். ஜன்னல் இடுக்கு வழியாக அந்தச் சூடு வெளியேறினால், காசும் கூடவே வெளியேறுகிறது. அதோடு மோட்டார், விமானப் பிரயாணம். எந்த வீட்டில் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அந்த ஊரிலேயே குடியிருந்த பேராசிரியர் ராய் அலெக்ஸாண்டர் அப்போது செஸ்டர் சர்வகலாசாலையில் இருந்தார். அவருடைய மாணவர்கள் வீடு வீடாகப் போய், மின்சாரம் எத்தனை, மோட்டார் எத்தனை மைல், விமானம் எத்தனை தடவை என்று கேட்டு எழுதினார்கள். வருஷத்தை வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவிற்று.

ஊரார் வகுத்துக்கொண்ட விதிகள் எனக்கு மிகவும் பிடித்தன. யாரும் யாரையும் விரலை நீட்டிக் குற்றம் சொல்லக் கூடாது. அரசியல்வாதிகள் வரலாம், உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது! கூட்டங்களை எங்கே நடத்தினார்கள் என்கிறீர்கள்? ஊரிலுள்ள மிகப் பெரிய வீடுகளில். திராட்சை மதுவும் பாலாடைக் கட்டியும் உண்டு. பெரிய மனிதர்களின் வீடு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எந்தத் தேசத்தில்தான் இல்லை? பார்க்க வந்தவர்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னலைப் பற்றியும் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு போனார்கள்.

சிலர் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் தரும் பலகைகளைக் கூரையில் பதித்தார்கள். விமானப் பிரயாணத்தைக் குறைத்தார்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுத் தோட்டத்தில் கொடி கட்டினார்கள். நாம் கொடியில் உலர்த்துவதை யாரும் பத்திரிகையில் எழுதியதில்லை! ஆனால் ஈரத்தை நெருப்பில்லாமல் மின்சாரத்தால் விரட்டும் அந்த இயந்திரம், வீட்டுச் சாமான்களிலேயே பெருந்தீனிக்காரர்களில் ஒன்று என்பதை நினைத்தால் அந்தக் கொடியின் மதிப்புப் புரியும்.

முதல் வருஷத்திலேயே ஊரின் கரியமில வாயு 20 சதவிகிதம் குறைந்தது. பத்து வருஷம் கழித்து, 2016-ல் பார்த்தபோது குறைவு 24 சதவிகிதம். கணக்கில் கெட்டிக்காரியான வாசகி இதற்குள் புருவத்தை உயர்த்தியிருப்பாள். முதல் வருஷம் இருபது, மற்ற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து நாலா? வாஸ்தவந்தான். விளக்கை அணைக்கவும் கொடி கட்டவும் பணம் வேண்டாம். பழைய சுவருக்குக் குளிர் தாங்கும் உறை போடவும், அடுப்பையும் மோட்டாரையும் மாற்றவும் பெருந்தொகை வேண்டும். அதை அடுத்த வீட்டுக்காரரின் இனிய பேச்சு மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிடாது; சர்க்காரும் கையை நீட்டத்தான் வேண்டும். பூஜ்யம் என்ற இலக்கு அப்போது வெகு தூரத்தில்தான் இருந்தது.

ஆனாலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு என்பது சட்டம் போடாமல், அபராதம் விதிக்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வந்த குறைவு. 2016-க்குள் உலகின் பல பாகங்களிலிருந்து சுமார் 200 ஊர்கள், "எப்படிச் செய்தீர்கள்?" என்று ஆஷ்டன் ஹேய்ஸை விசாரித்திருந்தன.