நிலா ஒன்று, கடல் வேறு

குஜராத்தின் அலங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அவற்றைக் கரையேற்றுவது கடலேதான். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து, கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி விரட்டுவார்கள். அடிப்பாகம் சேற்றில் ஏறி நின்றுவிடும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் வடிய, பல ஆயிரம் டன் இரும்பு சேற்றில் தனியே நிற்கும். உடைப்பவர்கள் நடந்தே போகலாம்.

கடல் இப்படி ஏறி வற்றுவதுதான் ஓதம். அலங் இருக்கும் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டரைத் தாண்டினாலே அதிகம். இரண்டு கடலையும் இழுப்பது அதே நிலா!

அந்த இழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 70 கிலோ ஆளின் எடையில் அது குறைப்பது 8 மில்லிகிராம்கூட இல்லை. இவ்வளவு சிறிய விசையால் கடலை மேலே தூக்க முடியாது. பக்கவாட்டில் நகர்த்த முடியும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல ஒருபக்கமாக ஒதுங்குகிறது. நிலாவைப் பார்த்த பக்கத்தில் ஒரு மேடு. எதிர்ப்பக்கத்தில் இழுப்பு குறைவு என்பதால் அங்கே பின்தங்கும் நீரால் இன்னொன்று. ஆகவே பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு ஏற்றம். சூரியனும் இதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. அமாவாசையிலும் பவுர்ணமியிலும் இருவரும் ஒரே கோட்டில் நின்று இழுப்பார்கள். அட்டமியில் ஆளுக்கொரு திசை, ஓதம் சோர்ந்துவிடும்.

இப்படி உண்டாகும் மேட்டின் உயரம் நடுக்கடலில் அரை மீட்டர் அளவுதான். மிச்ச வேலையைக் கடலடித் தரை பார்த்துக்கொள்கிறது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் ஓத அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். 20 மீட்டர் ஆழத்தில் 50 கிலோமீட்டர்தான். முன்னே போகும் நீர் தயங்க, பின்னே வருவது நெருங்க, அலை உயர்கிறது. கரையை ஒட்டி நீருக்கடியில் நீளும் ஆழமற்ற தரையைக் கண்டத்திட்டு என்பார்கள். சென்னைக்கு எதிரே அது 50 கிலோமீட்டருக்கும் குறைவு. காம்பேக்கு எதிரே 300 கிலோமீட்டர் வரை போகிறது. போதாததற்கு வளைகுடாவும் புனல்போலக் குறுகுகிறது.

கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இன்னொரு வித்தை சேர்கிறது. அங்குள்ள நீர் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகும். ஓதத்தின் தாளமும் கிட்டத்தட்ட அதுவே. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் மேலே மேலே போகுமே, அந்த ஒத்ததிர்வு ஓதத்தை 16 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது.

தரையின் வடிவம் துறைக்குத் துறை மாறுவதால், நிலாவின் கணக்கை மட்டும் வைத்து ஏற்ற நேரம் சொல்ல முடியாது. ஒவ்வொரு துறையிலும் நீர்மட்டத்தை அளந்து, அதைப் பல எளிய அலைகளாகப் பிரிக்க வேண்டும். அவற்றைத் திரும்பக் கூட்ட 1872இல் இயற்பியலாளர் கெல்வின் ஓர் இயந்திரம் செய்தார். அலைக்கு ஒரு கப்பி. எல்லாக் கப்பிகளையும் ஒரே கயிறு சுற்றி வரும். கைப்பிடியைச் சுழற்றினால் கயிற்றின் நுனியில் உள்ள பேனா வரப்போகும் ஓதத்தைத் தாளில் வரையும். 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் ஒன்றை வடிவமைத்தார். இன்று கப்பிகளின் இடத்தில் கணினி. கூட்டுவது அதே அலைகளை.