61 கீ மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் எது, ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். கீபோர்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் பெட்டியில் எதைப் போட்டுக் கொடுக்கிறாரோ அதுதான். ஆனால் நாள் முழுக்க நம் விரல்கள் தொடுவது அதைத்தான். ஆறு மாதம் கழித்து, "நல்ல கீபோர்டு ஒன்று வாங்கலாம்" என்று இன்டர்நெட்டில் தேடினால் கண்ணில் முதலில் படுவது, நம்பர் பேட் இல்லாமல் அம்புக்குறி கீகளும் இல்லாமல், கைக்கு அடக்கமாக, கண்ணைப் பறிக்கும் அழகோடு இருக்கும் சின்ன மெக்கானிக்கல் கீபோர்டுகள். விலையும் கண்ணைப் பறிக்கும். அதைத்தான் நானும் வாங்கினேன்.

எனக்கு வேலை சென்னையில், சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில். சொந்த ஊர் சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை. அங்கே என் சித்தி ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். மாலையானால் விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக் கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, 8,500 ரூபாய்க்கு அலுமினிய உடல் கொண்ட 61 கீ மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை அவருக்காக வாங்கிக் கொண்டு போனேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்த சித்தி கேட்டார்: "என்ன தம்பி, பாதி கீபோர்டைக் காணோம்?"

நான் சிரித்தேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்பது மே மாதம்தான் புரிந்தது. அதற்கு முன், இந்த மெக்கானிக்கல் என்பது என்ன என்று பார்த்து விடுவோம்.

சாதாரண கீபோர்டின் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அவற்றில் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சாகியிருக்கும். கீயை அழுத்தினால் அடியில் உள்ள ரப்பர் குமிழ் மடங்கி, இரண்டு தாள்களும் ஒட்டும். எழுத்து விழும். ரப்பர் மடங்கும் வரை, அதாவது கிட்டத்தட்ட அடி வரை அழுத்தினால்தான் வேலை நடக்கும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். இவ்வகையில் பேர் பெற்றது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டு வந்த எம்எக்ஸ் ஸ்விட்ச். கீ மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஆனால் சுமார் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து விழுந்து விடும். அடியில் போய் மோத வேண்டியதில்லை. விரலுக்குக் கிடைக்கும் நிம்மதி இதில்தான் இருக்கிறது.

ஸ்விட்சுகளை நிறத்தால் பிரிப்பார்கள். சிவப்பு தடையில்லாமல் வழுக்கிக் கொண்டு இறங்கும். பழுப்பில் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். நீலத்தில் மேட்டோடு 'டிக்' என்று சத்தமும் வரும். இந்தச் சத்தம் நமக்குப் புதிதல்ல. சென்னை டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் 'டிவிஎஸ் கோல்டு' கீபோர்டில் பல வருடங்கள் இருந்தது செர்ரி நீல ஸ்விட்ச்தான். அலுவலகங்களில் 'டக் டக்' என்று அடிக்கும் கறுப்புக் கீபோர்டைப் பார்த்திருப்பீர்கள். 'மெக்கானிக்கல்' என்று இளைஞர்கள் கொண்டாட ஆரம்பிப்பதற்கு முன்பே நம் கிளார்க்குகள் அதில்தான் டைப் செய்து கொண்டிருந்தார்கள்!

சரி, கீகளை ஏன் குறைக்கிறார்கள்? அழகுக்காக மட்டும் இல்லை. 1996இல் ஜப்பானில் பிஎஃப்யூ நிறுவனம் 'ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு' என்ற 60 கீ மாடலை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் எய்ட்டி வாடா என்ற கம்ப்யூட்டர் பேராசிரியர். யூனிக்ஸில் புரோகிராம் எழுதுபவர்களின் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்து, போகாத கீகளை எடுத்து விட்டார். கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல் கீயை வைத்தார். அதாவது அந்தக் குறைப்பு ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது. வழக்கமான கீபோர்டில் 104 கீகள். நம்பர் பேடை மட்டும் எடுத்தால் 87. மேல் வரிசை எஃப் கீகள், அம்புக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்தால் 61. எடுத்தவை காணாமல் போவதில்லை, எஃப்என் கீயோடு வேறு கீயைச் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும். எனக்கு அது பழகி விட்டது. மவுஸ் பக்கத்திலேயே இருப்பதால் தோளுக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது.

சித்தியின் வேலை வேறு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் போட மே மாதம் கடையில் வரிசையில் நிற்பார்கள். ஆதார் எண் 12 இலக்கம், மதிப்பெண்கள், வங்கிக் கணக்கு எண், செல் நம்பர். எல்லாம் எண்கள். இருபது வருடமாக நம்பர் பேடைப் பார்க்காமலே அடித்த கை, இப்போது மேல் வரிசையில் ஒவ்வொரு எண்ணையும் தேடியது. ஒரு மாணவியின் உதவித்தொகை விண்ணப்பத்தில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி விட்டது. நல்ல வேளை, அந்தப் பெண் பிரின்ட் அவுட்டை எண் எண்ணாகச் சரி பார்த்தாள். பார்க்காமல் விட்டிருந்தால் அவளுக்கு வர வேண்டிய பணம் வந்திருக்காது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் இன்னொரு சிக்கல். அதன் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். மேல் வரிசையில் பூஜ்யத்துக்குக் கீழேயே 'ஓ' எழுத்து. அவசரத்தில் விரல் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று இரவே சித்தி போன் செய்து, "இத நீயே வச்சுக்கப்பா, எனக்குப் பழசே போதும்" என்று சொல்லி விட்டார்.

தவறு கீபோர்டில் இல்லை, நான் தேர்ந்தெடுத்ததில்தான். அதே வகை ஸ்விட்ச், நம்பர் பேடோடு 104 கீகளில் அதை விடக் குறைந்த விலைக்கே கிடைத்தது. இப்போது கடையில் இருப்பது அதுதான். கீயை ஓங்கி அடிக்கும் பழக்கத்தை விட மூன்று வாரம் ஆயிற்று. வலி குறைந்திருக்கிறது என்கிறார். நடுவில் டாக்டரையும் பார்த்தார், எனவே முழுப் பெருமையையும் கீபோர்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

தமிழில் டைப் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து கீகள் போதும், தமிழுக்குப் போதாது. 'பி' எழுத்துக்கு வலப்புறம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறி கீகளில்தான் 'ச', 'ஞ'. அரைப்புள்ளியில் 'ந', அதற்கு அடுத்ததில் 'ய', கேள்விக்குறி கீயில் 'ழ'. சரியான 61 கீ மாடலில் இவை எல்லாம் இருக்கும். ஆனால் 40 சதவீதம் என்று விற்கும் இன்னும் சின்னவற்றில் இவற்றில் சில இருக்காது. 64 கீ மாடல்கள் சிலவற்றில் அம்புக்குறிகளுக்கு இடம் விட, கேள்விக்குறி கீயை நகர்த்தியிருப்பார்கள். வாங்கும் முன் 'மழை', 'ஞாயிறு' என்று இரண்டு சொற்களை அடித்துப் பாருங்கள். 'ழ' எங்கே என்று தேட வேண்டியிருந்தால் வைத்து விட்டு வந்து விடுங்கள்.

கேம்ஸ்? சித்தியின் மகன் இதற்காகவே அந்தச் சின்னக் கீபோர்டைக் கேட்டுக் கொண்டிருந்தான். ஓடிக் கொண்டே குதித்துக் கொண்டே சுட வேண்டுமானால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கீகளை அழுத்த வேண்டும். கீபோர்டுக்குள் கீகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கம்பிகளின் சந்திப்பில் இருக்கின்றன. விலை குறைந்தவற்றில் சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால், அழுத்தாத நான்காவது கீயும் அழுத்தப்பட்டது போலத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கக் கீபோர்டே மூன்றாவதை விட்டு விடும். ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு வைத்தால் இந்தப் பிரச்னை இல்லை. பெட்டியில் 'என் கீ ரோல்ஓவர்' என்று போட்டிருப்பது இதைத்தான். சோதிப்பது சுலபம். நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்ட் கீகளையும் பிடித்துக் கொண்டு ஏ முதல் இசட் வரை அடியுங்கள். எந்த எழுத்து விழவில்லையோ அங்கே பிரச்னை.

'1000 ஹெர்ட்ஸ்' என்ற விளம்பரத்துக்கு மட்டும் அதிகப் பணம் கொடுக்காதீர்கள். சாதாரணக் கீபோர்டை கம்ப்யூட்டர் 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை விசாரிக்கிறது என்றால், இதை 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை விசாரிக்கும். உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் படத்தை மாற்றவே சுமார் 17 மில்லி செகண்ட் எடுத்துக் கொள்கிறது. இன்டர்நெட் தாமதம் அதற்கு மேல். தம்பியிடம் இதைச் சொன்னேன். தோற்றதற்குக் காரணம் கீபோர்டுதான் என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான்.

கடைசியாக, எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. கிள்ளையில் உப்புக்காற்று சைக்கிள் செயினையே விட்டு வைக்காது. மெக்கானிக்கல் ஸ்விட்சில் உலோகத் தொடுமுனைகள் உண்டு. செர்ரி அவற்றில் தங்கம் சேர்த்த முனைகளைப் பயன்படுத்துகிறது, எனவே சட்டென்று துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டுக்கும் திருகுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெயின்ட் பூசிய தட்டா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்விட்சைச் சூடு வைக்காமல் பிடுங்கி மாற்றக்கூடிய 'ஹாட் ஸ்வாப்' மாடல் என்றால் இன்னும் நல்லது. ஒரு கீ கெட்டால் ஒரு ஸ்விட்ச் செலவோடு போகும். ராத்திரி கடையைப் பூட்டும்போது சித்தி கீபோர்டின் மேல் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு விட்டு வருகிறார்.