செய்தியை அடைத்தால் வதந்தி வளரும்



பத்திரிகையின் வாயைக் கட்டினால் வதந்தி ஓய்ந்துவிடும் என்று சர்வாதிகார அரசுகள் நினைக்கின்றன. நடப்பது நேர்மாறானது.

1986 ஏப்ரல் 26 அதிகாலை, அன்றைய சோவியத் யூனியனின் உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அரசு வாய் திறக்கவில்லை. 28ஆம் திகதி சுவீடனில் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட பிறகே, அன்றிரவு மொஸ்கோ தொலைக்காட்சி சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 100 கிலோமீற்றர் தள்ளியிருந்த கீவ் நகரில் மே தின ஊர்வலம் பிள்ளைகளோடு வழமைபோல நடந்தது. கொர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசியது மே 14இல்தான்.

இந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. இறந்தவர் இருவர் என்றது அரசு. வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றோ இரண்டாயிரம் பேர் என்றது. அந்த எண்ணிக்கை பிழை, ஆபத்து உண்மை. "பயப்பட வேண்டாம்" என்று அரசு சொன்னபோது சனம் நம்பவில்லை. கீவ் புகையிரத நிலையத்தில் முண்டியடித்தது.

எங்களுக்கும் இது புதிதல்ல. 2009இல் வன்னிக்குள் செய்தியாளர்கள் சுதந்திரமாகப் போக முடியவில்லை. தொலைபேசியில் வந்த கதைகளை நம்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் தவித்தோம்.

ஆகவே ஊரிலிருந்து ஒரு கதை வந்தால் கேளுங்கள்: நேரில் கண்டது யார்? எப்போது? வேறு யாரும் உறுதிப்படுத்தினார்களா? கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இதைச் சரிபார்க்கும் வழியை அடைத்தது யார்?