குருதி திரும்பும் வழி

லாரிச் சக்கரம் ஏறியதனாலோ, மோட்டார் சைக்கிளோடு சாலையில் இழுபட்டதனாலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மேலிருந்த தோலும் சதையும் பிய்ந்துபோன நிலையில் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவருடைய காலைக் காப்பாற்றுவது, எலும்பைப் பொருத்துவதோடு முடிந்துவிடும் காரியமன்று. திறந்து கிடக்கும் எலும்பை உயிருள்ள சதையால் மூடாவிட்டால் அது உலர்ந்து, சீழ் பிடித்து, முடிவில் காலையே எடுக்க நேரிடலாம். முழங்காலை அடுத்த இடமாயின் கெண்டைச் சதையைத் திருப்பி மூடிவிடலாம். கணுக்காலை நெருங்க நெருங்க அப்படித் திருப்புவதற்குச் சதை இல்லை. ஆகவே தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ ஒரு துண்டை, அதைப் போஷிக்கும் தமனியோடும் சிரையோடும் அடியோடு அறுத்தெடுத்து, காலிலுள்ள இரத்தக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் இணைக்கிறார்கள். ‘ஃப்ரீ ஃப்ளாப்’ என்று வைத்தியர்கள் வழங்குவது இதைத்தான்.

இரத்தக் குழாய்களைத் தைக்கும் முறையை வகுத்தமைக்காக அலெக்ஸிஸ் காரெல் 1912-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றார். எனினும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே விட்டமுள்ள குழாய்களைத் தைப்பதற்கு மைக்ராஸ்கோப்பும், தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையும் வந்தாக வேண்டியிருந்தது. 1973-இல் மெல்போர்ன் நகரில் டேனியல், டெய்லர் என்னும் நிபுணர்கள் தொடையிடுக்குத் தோலை இவ்விதம் அடிபட்ட காலுக்கு மாற்றியதைப் பிரசுரித்தார்கள்.

தமனியை இணைத்து, குழாயை இறுக்கியிருந்த கவ்வியைத் தளர்த்தியதும் வெளிறிக் கிடந்த சதை சிவந்து உயிர்பெறுவது அற்புதமான காட்சியே. ஆனால் அச்சதை பிழைப்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, யாரும் வியந்து நோக்காத சிரைதான். பாய்ச்சல் உண்டு, வடிகால் இல்லை என்றால் பயிர் அழுகுவதைப் போல, வந்த இரத்தம் திரும்ப வழியில்லாவிடில் துண்டு வீங்கி, கருநீலமாகி, உள்ளேயே உறைந்து மடிகிறது. சிரையின் சுவரோ மெல்லியது, அழுத்தம் குறைவு, ஓட்டம் மந்தம். சற்றே முறுக்கிக்கொண்டாலும், அருகில் இரத்தம் கட்டிக்கொண்டாலும், கட்டு இறுகினாலும் அது அடைபட்டுவிடும்.

காலில் இந்த அபாயம் இரட்டிப்பாகிறது. ஒன்று, கால் தொங்கும்போது இரத்தம் இருதயம் வரை புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். மற்றொன்று, அடியின் விளைவு கண்ணுக்குத் தெரியும் புண்ணோடு நிற்பதில்லை. அதற்கு அப்பாலும் சிரைகள் நசுங்கியும் அழற்சியுற்றும் கிடக்கின்றன. அனுபவமுள்ள நிபுணர் அந்த எல்லையைக் கடந்து மேலே சென்று, நல்ல சிரையைத் தேடியே இணைப்பார். அன்றைய யூகோஸ்லாவியாவின் லூப்லியானா நகரில் பணிபுரிந்த மார்கோ கொடினா, 532 நோயாளிகளின் விவரத்தை ஆராய்ந்து எழுதி 1986-இல் வெளியான கட்டுரையில், 72 மணி நேரத்துக்குள் மூடிய கை கால்களில் ஃப்ளாப் தோற்றது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, அதன்பின் மூன்று மாதத்துக்குள் மூடியவற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று காட்டினார். நாள் கடந்தால் குழாய்களைச் சுற்றித் தழும்புத் திசு படர்ந்துவிடுகிறது.

தமனியை ஒட்டி ஓடும் ஆழச் சிரையோடு இணைப்பதா, தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரையோடு இணைப்பதா, ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று நிபுணர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டாவது ஒரு காப்பு என்பார் சிலர்; இரண்டாகப் பிரிந்தால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்பார் வேறு சிலர். எண்ணிக்கையைவிட, அடிபடாத சிரையா என்பதே முக்கியமென்று எனக்குத் தோன்றுகிறது.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள், இரவென்றும் பகலென்றும் பாராமல் துண்டின் நிறத்தைப் பார்த்து வரும் நர்ஸுகளின் பணியை எவ்வளவு போற்றினாலும் தகும். தமனி அடைபட்டால் துண்டு வெளிறிக் குளிரும். சிரை அடைபட்டாலோ நீலம் பாரித்து, விரலால் அழுத்தி எடுத்ததும் நிறம் மிக விரைவில் திரும்பும், ஊசியால் குத்தினால் கருத்த இரத்தம் உடனே கசியும். அந்த அடையாளம் கண்டால் சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து அடைப்பை நீக்க வேண்டும். அதுவும் இயலாதபோது இரத்தம் உறிஞ்சும் மருத்துவ அட்டைகளை வைத்து, தேங்கிய இரத்தத்தை வெளியேற்றுவதும் உண்டு; அமெரிக்க அரசாங்கம் 2004-இல் இதற்கு அனுமதி வழங்கியது.

இவ்வளவும் நன்றாய் நடந்தபின் காலைத் தலையணைமேல் உயர்த்தியே வைத்திருந்து, சில நாட்களுக்குப் பிறகு, முதலில் சில நிமிஷம், பிறகு படிப்படியாக அதிகநேரம் கட்டிலிலிருந்து தொங்கவிட்டுப் பழக்குவார்கள். நோயாளி அவசரப்பட்டுத் தாமாகவே எழுந்து நிற்பதையும், யாருக்கும் தெரியாமல் புகை பிடிப்பதையும் உறவினர்கள் அன்போடும் கண்டிப்போடும் தடுக்க வேண்டும்.