ஓர் இறுவட்டில் ஒரு கல்யாணம்

"தம்பி, இந்தத் தட்டைப் போட்டால் பெட்டி ஒண்டும் காட்டுதில்லை. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கூறி, அயல்வீட்டு மூதாட்டியார் ஒருவர் ஓர் இறுவட்டை நம் கையில் ஒப்படைத்தார். கனடாவில் நிகழ்ந்த அவருடைய பேத்தியின் திருமணக் காட்சிகள் அதில் இருந்தன. முதுமையால் விமானம் ஏற இயலாத அவர், தம் வீட்டிலுள்ள பழைய டி.வி.டி. பிளேயரிலாவது அந்த மணக்கோலத்தைக் காண விழைந்தார். அவருடைய கண்பார்வையோ நாளுக்கு நாள் மங்கி வருகின்றது. ஆகையால் இது காலந்தாழ்த்தத்தக்க காரியமன்று.

இறுவட்டை நம் கணனியில் இட்டுப் பார்த்தோம். ஏழு காணொளிக் கோப்புகள் பழுதின்றி இருந்தன. பின்னர் பிளேயர் அவற்றை ஏற்க மறுத்ததேன்? இத்தகைய இடர்ப்பாடு பல இல்லங்களில் நேர்வதாதலின், அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு எடுத்துரைப்போம்.

நெல்லும் சோறும்

நெல்லைப் பானையிற் கொட்டிவிட்டால் அது சோறாகிவிடுமா? கணனிக் கோப்புகளை இறுவட்டிற் படியெடுப்பதும் அத்தகையதே. டி.வி.டி. பிளேயர் முதன்முதலாக 1996ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் வகுக்கப்பட்ட விதிகளையே பழைய பிளேயர்கள் அறியும். படம் எம்.பெக்-2 என்னும் முறையிற் சுருக்கப்பட்டிருத்தல் வேண்டும். இலங்கைத் தொலைக்காட்சிக்குரிய 'பால்' முறையில் அதன் அளவு 720க்கு 576 புள்ளிகள். அதற்கென விதிக்கப்பட்ட பெயருடைய கோப்புறையில், விதித்த ஒழுங்கில் அஃது அமைந்திருத்தலும் வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிகள் பெரிதும் கையாளும் எச்.264 என்னும் சுருக்கமுறையோ 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. தான் பிறந்த பின் தோன்றிய மொழியைப் பழைய பிளேயர் எங்ஙனம் அறியும்?

புதிய பிளேயர்கள் சிலவும், பென்டிரைவ் செருகும் வசதியுள்ள தொலைக்காட்சிகள் பலவும் இக்கோப்புகளை நேரே காட்டவல்லன. அவ்வசதி இல்லாதார் நெல்லைச் சமைத்தே ஆகவேண்டும்.

நிறையன்று, நேரமே கணக்கு

ஏழு கோப்புகளும் ஓர் இறுவட்டிற் கொள்ளுமா என்பது அடுத்த வினா. "கோப்புகளின் மொத்த அளவு 3 ஜிகாபைற், இறுவட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைற், ஆகவே கொள்ளும்" என்று மாணவர் சிலர் உடனே விடை கூறுவர். அது பிழை. மாற்றியமைத்தபின் பழைய அளவுக்குப் பொருளில்லை. படம் எத்தனை நிமிடம் ஓடும் என்பதே கணக்கு.

4.7 ஜிகாபைற் என்பது 37,600 மெகாபிற். இதனைப் படம் ஓடும் வினாடிகளால் வகுத்தால், ஒவ்வொரு வினாடிக்கும் கிடைக்கும் பங்கு புலனாகும். நம் கையிலிருந்த படம் 200 நிமிடம், அதாவது 12,000 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 3.1 மெகாபிற் கிடைக்கும். ஒலிக்கும் முகப்புப் பட்டியலுக்கும் சிறிது ஒதுக்கினால் படத்துக்கு எஞ்சுவது ஏறத்தாழ 2.8. இரண்டு மணி நேரப் படமாயின் இப்பங்கு 5க்கு அண்மையில் நிற்கும். வெற்று இறுவட்டுகள் பலவற்றின் மேல் 120 நிமிடம் என்று அச்சிட்டிருப்பதை வாசகர் கண்டிருப்பர். பங்கு குறையக் குறையப் படம் கலங்கும். ஆட்களின் அசைவு மிகுந்த இடங்களில் கட்டங்கட்டமாகச் சிதையும். ஒரு பானைச் சோற்றைப் பத்துப் பேருக்கும் பகிரலாம், நாற்பது பேருக்கும் பகிரலாம். பசி தீருமா என்பதே கேள்வி.

பார்வை மங்கிய ஒருவருக்குக் கலங்கிய படத்தைக் கொடுப்பது எவ்வாறு? இரண்டு இறுவட்டுகளாகப் பிரிக்கலாம் என்றோம். "மாத்திப் போட எனக்குத் தெரியாது தம்பி" என்றார். ஆகவே சிலவற்றை நீக்கத் துணிந்தோம்.

எதனை நீக்குவது?

பந்தியில் விருந்தினர் உணவருந்தும் நீண்ட காட்சியை நீக்கலாம் என்பது நம் எண்ணம். மூதாட்டியார் உடனே மறுத்தார். "பொம்பிளை மாப்பிள்ளையை அவையள் அனுப்பின போட்டோவில பாத்திட்டன். சனமெல்லாம் பந்தியிலதானே இருக்குது! என்ர தங்கச்சியை நான் கண்டு எத்தனை வருசம்!" என்றார். நமக்கு உறைத்தது. ஒரே சடங்கை வேறொரு கமராவில் மீண்டும் எடுத்த பகுதியையும் நீண்ட உரைகளையும் அவர் சம்மதத்துடன் விலக்கினோம். எஞ்சியது 130 நிமிடம். படத்தின் பங்கு வினாடிக்கு 4.3 மெகாபிற்றாக உயர்ந்தது.

பின்னர் செய்தவை எளியன. கோப்புகளுக்கு நிகழ்ச்சி முறைப்படி இலக்கமிட்டோம். டி.வி.டி. ஸ்ரைலர் என்னும் இலவச மென்பொருளில் 'பால்' முறையைத் தெரிந்து, அவற்றை வரிசையாகச் சேர்த்தோம். பெரிய எழுத்தில் முகப்புப் பட்டியல் அமைத்தோம். உடனே இறுவட்டிற் பதியாது, முதலிற் கணனியிலேயே ஒரு மாதிரிக் கோப்பாக ஆக்கி ஓடவிட்டுப் பிழை பார்த்தோம். மாற்றும் வேலைக்குச் சில மணி நேரம் சென்றது. அவசரப்படுவோர் இதிற் கைவைத்தல் ஆகாது. இறுதியாகக் குறைந்த வேகத்திற் பதிந்து, பதிவை நிறைவுசெய்து மூடினோம். மூடாத இறுவட்டைப் பிளேயர்கள் பல ஏற்பதில்லை.

மூலக் கோப்புகள் ஏழையும் அழிக்காது, வேறொரு வன்தட்டிற் பேணி வைத்தோம். இறுவட்டில் இருப்பது சுருங்கிய படியே. கீறல் விழுந்தால் மீண்டும் ஆக்க மூலம் வேண்டும்.

அன்று மாலை மூதாட்டியார் தொலைக்காட்சிக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். தாலிகட்டு முடிந்தது, பந்தி வந்தது. "நிப்பாட்டுங்கோ தம்பி!" என்றார். நிறுத்தினோம். வாழையிலையின் முன் இருந்த ஒரு முதிய மாதின் முகத்தைத் திரையில் விரலால் தொட்டு, "நல்லா மெலிஞ்சு போனாள்" என்றார்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் அயலிலும் இவ்வாறு காத்திருக்கும் முதியோர் இருப்பர். நீங்கள் கற்ற வகுத்தற் கணக்கு அவர்களுக்குப் பயன்படட்டும். ஆயின் எதனை வைப்பது, எதனை விடுவது என்பதை மட்டும் அவர்களிடமே கேளுங்கள்.