பதின்மூன்று வருஷம் ஒரே நாற்காலி!

ஆபீசுக்குப் போகிற பெண்களைப் பார்த்தால், வீட்டோடு இருக்கும் நமக்கெல்லாம் மனசுக்குள் லேசாக ஒரு பொறாமை உண்டு. மாசம் பிறந்தால் கையில் சம்பளம், கசங்காத புடவை, சாயந்திரம் வந்து சொல்ல நாலு சமாசாரம்! ஆனால் அந்த உத்தியோகத்துக்கு உள்ளேயும் ஒரு செக்குமாட்டுப் பிழைப்பு இருக்கிறது. சுற்றிச் சுற்றி வரலாம், இடம் மட்டும் மாறாது. டைப்பிஸ்ட், கிளார்க், செக்ரட்டரி என்று பெயர் எதுவானாலும் சரி, சேர்ந்த அன்று உட்கார்ந்த நாற்காலியிலேயே தலை நரைக்கிற பெண்கள் எங்கள் காரைக்கால் பக்கத்தில் எத்தனையோ பேர்.

சர்க்கார் உத்தியோகம் என்றால் இதற்கு ஏதோ ஒரு பரிகாரமாவது இருக்கிறது. எங்கள் புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசு விதிகள்தான். பதவி உயர்வே வராமல் போனாலும் 12 வருஷத்தில் ஒன்று, 24 வருஷத்தில் ஒன்று என்று சம்பளத்தையாவது ஏற்றித் தர 1999ல் ஒரு திட்டம் வந்தது. 2008 செப்டம்பரிலிருந்து அதையே 10, 20, 30 வருஷம் என்று மாற்றினார்கள். தனியார் ஆபீசில் இப்படி எந்த விதியும் கிடையாது. முதலாளி மனசு வைத்தால் உண்டு. இல்லையேல் தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு.

என் நாத்தனார் அப்படி ஒரு தனியார் ஆபீசில் 2006ல் சேர்ந்தாள். எங்கள் நெரவியிலேயே வாழ்க்கைப்பட்டவள், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். காலையில் டவுன் பஸ், சாயந்திரம் ஐந்தரைக்கு மறுபடி பஸ். அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து 2016ல் உடம்பு முடியாமல் திரும்பி வந்த பிறகு, இரண்டு பெண் குழந்தைகளும் மாமியாரும் சேர்ந்த அந்தக் குடும்பத்துக்கு அவள் சம்பளம்தான் எல்லாம்.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அண்ணி, லெட்டர் எப்படி ஃபைல் பண்றதுன்னு நான் சொல்லிக் குடுத்த பையன், இன்னைக்கு எனக்கு மானேஜரா வந்து உக்காந்துட்டான். நாளையிலேர்ந்து லீவு லெட்டரை அவன்கிட்டதான் நீட்டணும்."

அந்தப் பையன் மேல் குற்றமில்லை என்பது என் அபிப்பிராயம். அவன் செய்ததை அவளே வாய்விட்டுச் சொன்னபோது எனக்குப் புரிந்தது. பதினோரு மணிக்கு டீ குடிக்க வெளியே போவான். டீக்கடையில் ஆடிட்டர் ஆபீஸ் ஆள், பாங்க் ஆள், லாரி புக்கிங் ஆள் எல்லோரும் வருவார்கள். பாங்கில் எந்தக் கடனுக்கு என்ன காகிதம் கேட்கிறார்கள், எந்தச் சட்டம் மாறப் போகிறது என்பதெல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். முதலாளி ஏதாவது கேட்டால் பதில் அவனிடம் இருக்கும். என் நாத்தனாரோ மேஜையிலேயே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, அங்கேயே கை கழுவி, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள். வேலை தெரிந்தது அவளுக்கு; ஆளைத் தெரிந்தது அவனுக்கு.

'ஆளைத் தெரியணும்' என்றதும் நம்மில் பலருக்குச் சிபாரிசுதான் ஞாபகம் வரும். மந்திரி வீட்டு வாசலில் நிற்பது, கையில் கவர் கொடுப்பது. நான் சொல்வது அதை இல்லை. சிபாரிசு என்பது ஒருவர் தயவு. பழக்கம் என்பது சேதி. எங்கே இடம் காலியாகிறது, எந்த வேலைக்கு இப்போது மவுசு, எதைக் கற்றுக்கொண்டால் மதிப்பு என்கிற சேதி நாலு பேர் பழக்கத்தில்தான் காதுக்கு வரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் காரைக்கால், புதுச்சேரி ஆட்கள் சைகோனுக்கு (இப்போது ஹோ சி மின் நகரம்) கப்பலேறிப் போய், அங்கே சர்க்கார் ஆபீஸ்களில் குமாஸ்தாக்களாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் வேலை பார்த்தார்கள். முன்னால் போன மாமன் பின்னால் வரும் மருமகனுக்கு வழி சொல்லுவான். சென்னையிலும் அப்படித்தான். 1937லேயே சுருக்கெழுத்தர்கள் ஒன்றுகூடி 'ஸ்டெனோகிராபர்ஸ் கில்டு' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். தியாகராய நகரில் இருக்கும் அந்த இடத்தில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்து ஆளானவர்கள் ஏராளம்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் அவன் பாடத்திலிருந்து ஒரு விஷயம் சொன்னான். 1973ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினாராம். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து, 'உங்களுக்கு இந்த வேலையைப் பற்றிச் சொன்னது யார்? அவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?' என்று விசாரித்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அடிக்கடி பார்க்கும் நெருங்கினவரால் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 17 பேருக்குத்தான். எப்போதாவது பார்க்கிறவரால் கிடைத்தது 55 பேருக்கு மேல். வருஷத்துக்கு ஒருதரம் பார்ப்பதே அபூர்வம் என்கிற ஆளால் கிடைத்தது 28 பேருக்கு!

யோசித்தால் நியாயம்தான். நம் வீட்டு ஆட்களுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் நமக்குத் தெரிந்ததே தெரியும். புதுச் சேதி தூரத்து ஆளிடம்தான் இருக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பேராசிரியர் விசாரித்ததெல்லாம் ஆண்களை. சோற்றை வடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிற பொம்பளையை விசாரித்திருந்தால் என்ன கணக்கு வந்திருக்குமோ!

என் நாத்தனாருக்கும் நெருங்கினவர்கள் சொன்னது ஒரே பாட்டுத்தான். "இருக்கிற வேலையை விட்டுடாதே." அவள் அம்மா, அதாவது என் மாமியாரும் அதையே சொன்னார். நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பேர் எழுத ஆரம்பித்தோம். டைப் இன்ஸ்டிடியூட்டில் கூடப் படித்தவர்கள், அந்த சார், பழைய ஸ்கூல் சிநேகிதிகள், பஸ்ஸில் தினம் பார்த்துச் சிரிக்கிறவர்கள், பாங்க் கவுண்டரில் இருக்கும் லாத்தா, திருநள்ளாறில் பள்ளிக்கூட ஆபீசில் இருப்பவர், நாகப்பட்டினத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் சம்பந்தி வகை... எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. "எனக்கு யாரையும் தெரியாது" என்று சொன்னவளுக்கு 43 பேர்!

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரிடமும் "எனக்கு ஒரு வேலை பாருங்க" என்று கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசி முடிவு செய்தோம். அப்படிக் கேட்டால் எதிராளி பயந்துவிடுவார். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை நம்மைக் கண்டால் ஒதுங்குவார். அவள் கேட்டது வேறு. "உங்க ஆபீஸ்ல இப்ப என்ன வேலையெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றாங்க? எதுக்கு ஆள் தட்டுப்பாடு?" இதற்கு எல்லோரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். தன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

அது ஜி.எஸ்.டி. வந்த சமயம், 2017 ஜூலை. 2018 ஏப்ரலில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும் என்று வந்தது. இதில் எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாகூருக்கு லாரி போனால்கூட அது வெளிமாநிலக் கணக்கு! அதற்கு வரி வேறு தலைப்பு, பில் வேறு மாதிரி. சின்னச் சின்ன ஆபீஸ்களெல்லாம் இதைத் தப்பில்லாமல் போட ஆள் கிடைக்காமல் திண்டாடுகின்றன என்ற சேதியை முதலில் சொன்னது, வருஷத்துக்கு ஒருமுறை மாங்கனித் திருவிழாவில் மட்டும் பார்க்கிற ஒரு பழைய டைப் கிளாஸ் சிநேகிதி.

அதற்குப் பிறகு என் நாத்தனார் சனி, ஞாயிறுகளில் டாலி படித்தாள். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் என் வீட்டில்தான் சாப்பாடு.

மாமியார் தரப்பில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "வேலைக்குப் போற பொம்பளை ஊர்ல உள்ளவங்ககிட்டல்லாம் என்ன பேச்சு?" ஆண் டீக்கடையில் நின்றால் உலக ஞானம், பெண் இரண்டு நிமிஷம் நின்று பேசினால் வம்பு! இதற்கு அவள் சண்டை போடவில்லை. முதலில் பெண்களோடு ஆரம்பித்தாள். ஆண்களிடம் பேச வேண்டியதை ஆபீஸ் நேரத்தில், போனில், காரியத்தோடு நிறுத்திக்கொண்டாள். டைப் இன்ஸ்டிடியூட் சாரைப் பார்க்கப் போனபோது என் கணவரும் கூடப் போனார். நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு வீட்டையும் வைத்துக்கொண்டுதானே நடக்க வேண்டியிருக்கிறது.

வாங்குவது மட்டும் பழக்கமாகாது. அவள் கையில் ஒரு வித்தை இருந்தது; இரண்டு பாஷையிலும் பிழையில்லாமல் மனு எழுதுவாள். பாங்க் லாத்தாவின் அண்ணன் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தாள். வக்கீல் குமாஸ்தாவுக்கு அவசரமாக நாற்பது பக்கம் தமிழில் அடித்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

முதல் ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு இடம் வந்தது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் விடுவார்கள் என்றதும் கைவிட்டாள். இன்னோர் இடத்தில் "கல்யாணமான பொம்பளை வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்புறம் 2019ல் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் மனைவி, "எங்க ஓனர் வெளிமாநில பில்லெல்லாம் தெரிஞ்ச ஆள் தேடிக்கிட்டிருக்கார்" என்றார். அந்த அம்மாளை அவள் அதற்கு முன் பார்த்தது ஒரே தடவை!

பழைய வேலையை விடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யச் சொன்னது ஆடிட்டர் ஆபீஸ் சிநேகிதி. சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பி.எஃப். பணத்தை எடுக்காமல், அதே யு.ஏ.என். நம்பரில் புது ஆபீசுக்கு மாற்றிக்கொள்வது. மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாசாமாசம் பென்ஷன். நடுவில் எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் போய்விடும். இரண்டு, பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் தொடர்ந்து இருந்தவருக்கு, தானாக ராஜினாமா செய்தாலும் இது உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வேலை செய்த வருஷத்தால் பெருக்க வேண்டும். அவளுக்கு 12,000 ரூபாய், 13 வருஷம். கணக்குப் போட்டால் சரியாக 90,000! "நீயாத்தானே போறே, உனக்கு என்ன கிராஜுவிட்டி?" என்று முதலில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டு, நகலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு கொடுத்தார்கள். அந்தப் பணம் பெரியவளின் கல்லூரிக்கு ஆயிற்று.

கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017லிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அந்த ஆறு மாசத்தில்தான் பல பெண்களுக்கு ஆபீஸ் தொடர்பு அறுந்து போகிறது. யார் புதிதாக வந்தார்கள், எது மாறிற்று என்று ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போய் முழிப்பார்கள். குழந்தை தூங்குகிற நேரம் மாசத்துக்கு இரண்டு போன் போட்டாலே போதும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் இதேதான். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பிப் போக நினைக்கும்போது, கதவைத் தட்ட ஒரு தெரிந்த முகம் வேண்டுமே!

நமக்கென்ன பழக்கம் பண்ணத் தெரியாதா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினால் மூன்று மாவட்டத்தை விசாரிக்கிறோம். நல்ல கைராசியான டாக்டரம்மா யார் என்று வெளியூருக்கெல்லாம் போன் போட்டுக் கேட்கிறோம். சம்பள விஷயம் வந்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆபீஸ் பெண்கள் பத்துப் பேரும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 1972 கடைசியில் தங்கள் சம்பளம், பதவி உயர்வு பற்றி ஒரு சின்னப் பத்திரிகை அச்சிட்டு, காலையில் வேலைக்குப் போகிற பெண்களிடம் நீட்டினார்கள். அடுத்த வருஷமே 'நைன் டு ஃபைவ்' என்ற சங்கமாயிற்று. 1980ல் அதே பெயரில் வந்த ஹாலிவுட் படத்துக்கும் அவர்கள் கதைதான் வித்து.

என் நாத்தனார் இப்போது அந்தப் புது ஆபீசில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குக் கீழே மூன்று பேர். காலண்டர் தாளில் இருந்த பெண்களில் பதினெட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். போன மாசம் திருநள்ளாறு பள்ளிக்கூட ஆபீசில் ஓர் இடம் காலியாவதாக அதில் சேதி வந்தது. எங்கள் தெருவில், புருஷன் போய் இரண்டு வருஷமாய் வீட்டிலேயே தையல் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைச் சொன்னேன். டைப் லோயர் முடித்தவள். திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள்.